பூட்டைத் திறப்பது என் பொழுதுபோக்கு!



எங்கள் காம்பவுண்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொழுதுபோக்கு உண்டு. பக்கத்து வீட்டு அக்கா ஒயர் கூடை பின்னுவார். எதிர் வீட்டுத் தங்கை மார்கழி வந்துவிட்டால் வாசலை அடைத்துப் புள்ளிக் கோலம் போடுவாள். எனக்கு என்ன தெரியுமா? பூட்டு! பூட்டிய பூட்டைச் சாவியில்லாமல் திறப்பதுதான் என் பொழுதுபோக்கு.

'ஐயையோ, இதென்ன திருட்டு வேலை!' என்று பயந்து பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நான் பத்தாவது வரை படித்தவள். இரண்டு குழந்தைகளுக்குத் தாய். வீட்டுக்காரர் இங்கே திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மத்தியானம் சமையல் முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்தபின் கிடைக்கிற அரைமணி நேரம்தான் எனக்கென்று உள்ள நேரம். அந்த நேரத்தில் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். அதில் பதினேழு பூட்டுகள் இருக்கின்றன. குடைக்கம்பியை அரத்தால் ராவிச் செய்த ஊசிகள் நாலு, வளைத்த சைக்கிள் கம்பி ஒன்று, துடைப்பதற்குப் பனியன் கட்டிங் வேஸ்ட் ஒரு பிடி. இவ்வளவுதான் என் சொத்து!

பிறந்த வீட்டுச் சீதனம்

எனக்குப் பிறந்த ஊர் திண்டுக்கல். திண்டுக்கல் என்றாலே பூட்டு ஞாபகம்தானே வரும்? சுமார் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் சங்கரலிங்க ஆச்சாரி சகோதரர்கள் தொடங்கிவைத்த தொழில் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். நாகல் நகர், நல்லாம்பட்டி என்று பட்டறைகள் பரவின. வானம் பார்த்த பூமி. வயலை நம்ப முடியாதவர்களுக்கு இரும்புதான் சோறு போட்டது.

என் அப்பாவும் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவர்தான். தகடு வெட்டுவது, அரம் போடுவது, லீவர் பொருத்துவது, ரிவிட் அடிப்பது எல்லாமே கைவேலை. அச்சில் ஊற்றி எடுக்கிற சாமான் மாதிரி ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. ஒவ்வொரு பூட்டுக்கும் அதற்கென்றே சாவியை ராவி எடுப்பார்கள். வீட்டுக்கு ஒரு பையில் அரைகுறைப் பூட்டுகளைக் கொண்டுவந்து, ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் சரி பார்ப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக் கொடுப்பேன்.

எனக்கு ஒன்பது வயசிருக்கும். ஒரு பூட்டின் சாவி தொலைந்துவிட்டது. அப்பா உடைக்கவில்லை. கம்பியை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். 'டக்' என்றது. எனக்கு மந்திரம் பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

"எனக்கும் சொல்லிக் குடுங்கப்பா" என்றேன்.

"சொல்லித் தாரேன் ஆத்தா. ஆனா ரெண்டு சத்தியம் பண்ணணும். அடுத்தவுக பூட்டுல கை வைக்கக் கூடாது. நம்ம வீட்டுப் பூட்டா இருந்தாலும், கதவுல தொங்கி வேலை பார்த்துக்கிட்டு இருக்கிற பூட்டத் தொடக் கூடாது" என்றார்.

விளக்கின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். முதல் சத்தியத்தை இன்றுவரை காப்பாற்றி வருகிறேன். இரண்டாவதை ஒரே ஒரு தடவை மீறினேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

எனக்குப் பிடித்த பூட்டுகள்

முதல் இடம் மாங்காய்ப் பூட்டுக்குத்தான். திண்டுக்கல்லின் பேர் சொல்லும் பிள்ளை அது. பெயருக்கேற்ற மாதிரி மாங்காய் உருவம். கையில் வைத்தால் கனம் தெரியும். அதனுள்ளே தட்டையான லீவர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு சின்ன ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும். சாவியில் உள்ள பற்கள் ஒவ்வொரு லீவரையும் அதனதன் அளவுக்குத் தூக்கும். எல்லாம் சரியான உயரத்தில் வந்தால்தான் வழி விடும். குறைத்துத் தூக்கினாலும் திறக்காது, கூடத் தூக்கினாலும் திறக்காது. இந்த ஏற்பாட்டை 1778-ல் ராபர்ட் பாரன் என்ற இங்கிலாந்துக்காரர் செய்தாராம். சமையலில் உப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! என்னிடம் இருக்கும் மாங்காய்ப் பூட்டு அப்பா கைப்படச் செய்தது. நூறு தடவை திறந்திருப்பேன், இன்னும் அலுக்கவில்லை.

இரண்டாவது மணிப்பூட்டு. சாவியைத் திருப்பத் திருப்ப உள்ளே மணி அடிக்கும். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் எவனும் பெட்டியைத் திறக்க முடியாது. இதைத் திறக்கும்போதெல்லாம் என் சின்ன மகள் எங்கிருந்தாலும் ஓடி வந்துவிடுவாள். அவள் தொட்டிலில் கிடந்த நாளில் அழுகையை நிறுத்த இந்த மணிதான் எனக்குக் கிலுகிலுப்பை.

மூன்றாவது, சூட்கேஸில் தொங்கும் குட்டிப் பித்தளைப் பூட்டு. பார்க்க அழகு, ஆனால் உள்ளே ஒன்றுமே கிடையாது! பல சின்னப் பூட்டுகளில் லீவரே இருக்காது. சாவியைத் தடுக்க ஓரிரு தகட்டு மேடுகள் மட்டும்தான். முதன்முதலில் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதுதான் அரிச்சுவடி. இந்தப் பூட்டை நம்பி நகையைச் சூட்கேஸில் வைத்து பஸ்ஸில் மேலே போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பகீர் என்கிறது.

நான்காவது, கதவிலேயே பதித்த சிலிண்டர் பூட்டு. இது வேறு ஜாதி. லீவருக்குப் பதில் வரிசையாகச் சின்னச் சின்னப் பின்கள். ஒவ்வொரு பின்னும் இரண்டு துண்டு. சரியான சாவி போட்டால் எல்லாப் பின்களின் பிளவும் ஒரே கோட்டில் வந்து நிற்கும், சிலிண்டர் திரும்பும். இதை இப்போதுள்ள உருவத்தில் 1861-ல் கொண்டு வந்தவர் அமெரிக்காவின் லைனஸ் யேல். ஆனால் இதன் பாட்டன், மரத்தில் செய்த பின் பூட்டு, பல ஆயிரம் வருஷம் முன்பே எகிப்தில் இருந்ததாம்! இதைத் திறக்க இரண்டு கையும் வேண்டும். ஒரு கம்பியால் லேசாகத் திருப்பும் பக்கம் அழுத்தம் கொடுத்துக்கொண்டு, இன்னொன்றால் பின்களைத் தடவ வேண்டும். எது முறைத்துக்கொண்டு நிற்கிறதோ அதை முதலில் சமாதானம் செய்ய வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்!

கடைசியாக ஓர் எட்டு லீவர் பூட்டு. என் கர்வத்தை அடக்கியது அதுதான். தினமும் மத்தியானம் அரைமணி என்று பதினோரு நாள் மல்லுக்கட்டினேன். பன்னிரண்டாம் நாள் திறந்தது. அன்றைக்கு ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன் என்பது வேறு கதை.

உலகம் முழுக்க என்னைப்போல்

'இப்படிப் பைத்தியம் நான் ஒருத்திதானோ' என்று நினைத்திருந்தேன். மகன் படித்துச் சொன்ன பிறகுதான் ஆறுதல் வந்தது. 1851-ல் லண்டனில் ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. அதற்குப் போன ஆல்பிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், திறக்கவே முடியாது என்று பேர் வாங்கிய சப் பூட்டைச் சுமார் இருபத்தைந்து நிமிஷத்தில் திறந்தாராம். அடுத்து பிராமா கம்பெனியின் பூட்டு. 'இதைத் திறக்கிறவருக்கு 200 கினி பரிசு' என்று எழுதி அறுபது வருஷமாகக் கடைக் கண்ணாடிக்குள் வைத்திருந்த பூட்டு அது. ஹாப்ஸ் பதினாறு நாளில், மொத்தம் ஐம்பத்தோரு மணி நேரம் உழைத்து அதையும் திறந்துவிட்டார். பிறகு என்ன ஆயிற்று? பூட்டுக் கம்பெனிகள் இன்னும் நல்ல பூட்டுச் செய்யத் தொடங்கின. ஓட்டை இருக்கிறது என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால்தானே அடைக்க முடியும்?

ஜெர்மனியில் 1997-ல் பூட்டுத் திறப்பவர்கள் இதை விளையாட்டாக வைத்துச் சங்கமே அமைத்தார்கள். போட்டி, பரிசு எல்லாம் உண்டு. இந்த மாதிரிச் சங்கங்களின் சட்டம் என்ன தெரியுமா? உன்னுடைய பூட்டை அல்லது உடையவர் அனுமதித்த பூட்டை மட்டும் திற. உபயோகத்தில் இருக்கும் பூட்டைத் தொடாதே. திண்டுக்கல் பட்டறைக்காரர் சொன்னதும் அதேதான்!

நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானி ரிச்சர்ட் ஃபெயின்மனுக்கும் இந்தப் பொழுதுபோக்கு இருந்தது. உலகப் போர்ச் சமயத்தில் அணுகுண்டு ஆராய்ச்சி நடந்த இடத்தில் வேலை பார்த்தவர் அவர். ரகசியக் காகிதங்கள் வைத்த அலமாரிகளை எவ்வளவு சுலபமாகத் திறக்கலாம் என்று பெரிய அதிகாரி ஒருவருக்குக் காட்டி, எச்சரிக்கையும் செய்தார். அதிகாரி என்ன செய்தார் தெரியுமா? அலமாரியைச் சரி செய்வதற்குப் பதில், ஃபெயின்மன் யார் யார் அறைக்கு வந்து போனார் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்!

இதை மகன் படித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அது நடந்திருக்கிறது.

பரணுக்குப் போன டப்பா

2016-ல் எங்கள் காம்பவுண்டில், கடைசி வீட்டில் திருட்டுப் போயிற்று. மூன்று பவுன் சங்கிலியும், கம்பெனியில் வாங்கி வைத்திருந்த போனஸ் பணமும். பூட்டு உடைபடவில்லை, திறந்து கிடந்தது. விசாரிக்க வந்தவர்கள் ஒவ்வொரு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

அப்போது ஒரு குரல் கேட்டது: "பூட்டுத் தொறக்கத் தெரிஞ்ச ஆளு நம்ம காம்பவுண்டுக்குள்ளயே இருக்குதுங்களே!"

சொன்னது வேறு யாருமில்லை, தினமும் என்னிடம் கறிவேப்பிலை வாங்கிப் போகிற எதிர்வீட்டுத் தங்கை.

என் டப்பாவைத் திறந்து பார்த்தார்கள். கேள்வி கேட்டார்கள், குறித்துக்கொண்டு போனார்கள். என்மேல் வழக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் பெயர் வந்துவிட்டதே! அந்தப் பூட்டை நான் பார்த்தேன். சாவித் துவாரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. சாவி போட்டுத்தான் திறந்திருக்கிறார்கள். மீட்டர் பெட்டிக்கு மேல் சாவி வைக்கிற வழக்கம் காம்பவுண்டு முழுக்கத் தெரிந்த விஷயம். இதை நான் வாய் திறந்து சொன்னேன். அது இன்னும் வினையாயிற்று. "அவங்களுக்கு எப்படிங்க அவ்வளவு கரெக்டாத் தெரியுது?" என்றார்கள்.

அதற்குப் பிறகு குழாயடிக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடும். என் மகளை விளையாடக் கூப்பிட மாட்டார்கள். வீட்டுக்காரர் கோபிக்கவில்லை, "அதத் தூக்கிப் பரண்ல போட்டுரு, வேண்டாம்" என்றார், அவ்வளவுதான். போட்டுவிட்டேன். அப்பாவிடம் போனில்கூடச் சொல்லவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம் நான் பூட்டைத் தொடவேயில்லை. பொழுதுபோக்குத்தானே என்பீர்கள். ஆனால் நமக்குத் தெரிந்த ஒரே வித்தையை வெட்கப்பட்டு ஒளித்துவைப்பது எப்படியிருக்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

ஆடிக் காற்று

2018 ஆடி மாதம். எங்கள் பக்கத்து ஆடிக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து, மாடியில் காயும் துணியையெல்லாம் அடுத்த தெருவில் கொண்டு போட்டுவிடும். அன்று முற்பகல் பதினோரு மணி. ஆண்கள் எல்லோரும் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். எதிர்வீட்டுத் தங்கை துணியை எடுக்க வாசலுக்கு வந்திருக்கிறாள். ஒரே அடி! காற்று கதவைச் சாத்திவிட்டது. சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு. சாவி உள்ளே ஆணியில். உள்ளே ஒன்றரை வயசுக் குழந்தை. அடுப்பில் குக்கரில் பருப்பு.

அவள் போட்ட சத்தத்தில் காம்பவுண்டே கூடிவிட்டது. ஜன்னலுக்கெல்லாம் கம்பி. ஆசாரிக்குப் போன் செய்தால் வர அரைமணி ஆகும் என்றார். ஒருவர் கடப்பாரை தேடி ஓடினார். குழந்தை அம்மா குரல் கேட்டுக் கதவுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து அழுகிறது. கதவை இடித்தால் குழந்தையின் மேல்தானே விழும்?

நான் என் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். கால் நகரவில்லை. போய்த் திறந்துவிட்டால், 'பார்த்தீங்களா, அன்னைக்கும் இவதான்' என்று சொல்வார்களே என்ற நினைப்பு. பொய் சொல்லவில்லை சகோதரிகளே, ஒரு நிமிஷம் அப்படித்தான் நின்றேன்.

திரும்பிப் பார்த்தால் மாமியார்! எழுபது வயசில் ஸ்டூல் போட்டுப் பரண் ஏறி, டப்பாவை எடுத்துக்கொண்டு நிற்கிறார். 'பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை' என்று கல்யாணமான நாளிலிருந்து சொன்னவர்.

"போ கண்ணு. பேசறவங்க பேசட்டும். கொழந்த அழுகுது" என்றார்.

போனேன். முதலில் தங்கையிடம், "நீ ஜன்னல் பக்கம் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிடு, குழந்தை கதவை விட்டு வரட்டும்" என்றேன். பிறகு உட்கார்ந்தேன். ஐந்து பின் பூட்டு. இரண்டு வருஷம் தொடாத கை நடுங்குகிறது. குக்கர் விசில் விட்டு விட்டுக் கடைசியில் நின்றே போயிற்று. பருப்பு தீய்கிற வாசனை வருகிறது. கடப்பாரையும் வந்துவிட்டது. "தள்ளுங்க, இடிச்சுரலாம்" என்றார் ஒருவர். "கொஞ்சம் பொறுங்க தம்பி" என்று மாமியார் குறுக்கே நின்றுகொண்டார்.

அப்பா செய்த மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்று, இரண்டு, மூன்று... நாலாவது நழுவி எல்லாம் இறங்கிவிட்டது. மறுபடி முதலிலிருந்து. ஏழெட்டு நிமிஷம்தான் ஆகியிருக்கும், எனக்கு ஒரு யுகம். சிலிண்டர் திரும்பியது. அவள் குழந்தையை எடுத்துக்கொண்டாள். நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். இரண்டாவது சத்தியத்தை மீறியது அந்த ஒரு தடவைதான்.

சாயங்காலம் தங்கை வந்தாள். "அன்னைக்கு நாம்பேசினத மனசுல வெச்சுக்காதீங்க்கா" என்று அழுதாள். 'வைத்துக்கொள்ளவில்லை' என்று சொல்ல எனக்கு உடனே வாய் வரவில்லை. அதற்குச் சில மாதம் ஆயிற்று. ஆனால் டப்பா அன்றிலிருந்து பரணுக்குப் போகவில்லை.

வீட்டுக்கு வீடு இதைக் கவனியுங்கள்

இப்போது காம்பவுண்டில் புதுசாகப் பூட்டு வாங்கினால் என்னைத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

1. மீட்டர் பெட்டி, பூந்தொட்டி, மிதியடி, நிலைப்படி மேல் - இங்கெல்லாம் சாவி வைக்காதீர்கள். நமக்குத் தோன்றுகிற இடம் திருடனுக்கும் தோன்றும். நம்பிக்கையானவர் வீட்டில் ஒரு மாற்றுச் சாவி இருக்கட்டும்.

2. சாத்தினால் பூட்டிக்கொள்ளும் கதவானால், நாக்கை உள்ளேயே நிறுத்திவைக்கும் சின்னப் பொத்தான் அநேகமாக இருக்கும். துணி காயப்போடப் போகும்போதுகூட அதைப் போட்டுவிட்டுப் போங்கள். கதவுக்கு ஒரு தடுப்புக் கட்டையும் வையுங்கள்.

3. தவழும், நடக்கும் குழந்தை உள்ள வீட்டில் குளியலறை, படுக்கையறைத் தாழ்ப்பாள் அதன் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

4. பூட்டு எவ்வளவு உசத்தியானாலும், கொண்டியின் ஸ்குரு வெளியே தெரிந்தால் பயனில்லை. அநேகத் திருடர்களுக்கு என்னைப்போல் பொறுமை கிடையாது. கொண்டியைத்தான் நெம்புவார்கள்.

5. சாவி தொலைந்தால் 'கிடைக்கும்' என்று காத்திருக்காமல் பூட்டை மாற்றுங்கள்.

6. சிலிண்டர் பூட்டு இறுகினால் எண்ணெய் விடாதீர்கள். எங்கள் ஊரில் காற்றெல்லாம் பஞ்சுத் தூசி. எண்ணெயோடு சேர்ந்து களிம்பாகிவிடும். பென்சில் முனையைப் பொடி செய்து சாவியில் தடவி, உள்ளே விட்டு நாலு தடவை திருப்புங்கள். வெண்ணெய் மாதிரி வரும்!

அப்பாவின் அரம்

2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கும் அப்போதுதான். சந்தோஷமாக அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"நல்லதுதான் ஆத்தா. ஆனா பட்டறையில ஆளில்லையே!" என்றார்.

உண்மைதான். அலிகாரிலிருந்து மெஷினில் செய்த மலிவுப் பூட்டுகள் வந்து குவிந்தபின், கைப்பூட்டுக்கு விலையும் இல்லை, கூலியும் இல்லை. என் அண்ணன்கள் இருவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வயிறு என்று ஒன்று இருக்கிறதே!

அந்தத் தீபாவளிக்குப் போனபோது, ஆடி மாதம் நடந்ததை முதன்முதலாக அப்பாவிடம் சொன்னேன். சத்தியத்தை மீறியதற்குத் திட்டுவார் என்று பார்த்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "எத்தன பின்னு?" என்றார். "அஞ்சுப்பா" என்றேன். "எத்தன நிமிசம்?" "ஏழெட்டு." "ம்... பரவாயில்ல" என்றார். பிறகு உள்ளே போய், நாற்பது வருஷம் பிடித்துப் பிடி தேய்ந்த அவருடைய சின்ன அரத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

இப்போது மத்தியானங்களில் என் மகளும் பக்கத்தில் உட்கார்கிறாள். குட்டிப் பித்தளைப் பூட்டைத் திறந்துவிட்டாள். அடுத்தது மாங்காய்ப் பூட்டு வேண்டுமாம். விளக்கின் மேல் கை வைத்து இரண்டு சத்தியமும் வாங்கிக்கொண்டேன். அவள் பாட்டிதான் சாட்சி!